‘சுழல்’: பிடித்ததும் கடித்ததும்!

போலீஸ் தொடர் என்றால் முதல் காட்சியில் பிணம், கடைசிக் காட்சியில் விலங்கு, நடுவில் ஜீப் ஓடிக்கொண்டே இருக்கும். புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ (2022) கொஞ்சம் வேறு ரகம். சாம்பலூர் சிமெண்ட் ஆலையில் ஸ்ட்ரைக். இன்ஸ்பெக்டர் ரெஜினா (ஸ்ரேயா ரெட்டி) லத்தியோடு இறங்குகிறார். ஆலை எரிகிறது. யூனியன் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) மகள் நிலாவைக் காணோம்!

நமக்குப் பிடித்த கட்டம், சந்தேகம் ரெஜினாவின் சொந்த மகன் மேலேயே திரும்புகிற இடம். யூனிஃபார்மை நம்புவதா, பெற்ற பிள்ளையை நம்புவதா? அந்தம்மா தவிக்கிற தவிப்பு இருக்கே... சபாஷ்!

2025-ல் வந்த இரண்டாம் பாகம் கடலோரக் கதை. திருவிழா, வேஷம் எல்லாம் பார்த்தால் நம்ம குலசை தசரா ஞாபகம்தான். (குலசையில் போலீஸ் வேஷம் கட்டுகிற பக்தர்களும் உண்டு. அவர்கள் வாங்குவது காணிக்கை மட்டும்!) வக்கீல் கொலையில் எட்டுப் பெண்கள், ஒவ்வொருத்தியும் ‘நான்தான் கொன்னேன்’ என்கிறாள். அட்டகாச ஆரம்பம். அப்புறம் இழுவை, கொட்டாவி.

ரொம்பக் கடித்தது முதல் பாகத்து ஆலைக் கதைதான். நிலாவைத் தேடுவது சூடு பிடித்ததும், தொழிலாளிகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கிளைக்கதை. திரேஸ்புரத்துக்காரர்களுக்கு? 2018 மே 22-ல், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன நாளில், துப்பாக்கிச் சூடு இந்த மீனவர் குடியிருப்பு வரை வந்தது. தூத்துக்குடியில் மொத்தம் 13 உயிர் போச்சு. ஆலை, போராட்டம், போலீஸ் மூன்றும் திரையில் வந்தால் இங்கே யாரும் முறுக்கு கொறிக்க மாட்டார்கள், ஸார். ‘அடி வாங்கினவங்க என்ன ஆனாங்க?’ன்னுதான் முதலில் கேட்பார்கள்.