உங்களுக்குத் தெரியுமா? பஜ்ஜி மிளகாயில் ஒரு ஹங்கேரிக் குழம்பு

● வெங்காயம், மிளகாய், தக்காளி, கொழுப்பு, மிளகாய்த்தூள், உப்பு. ஹங்கேரி நாட்டு வீடுகளில் கோடைக்காலம் வந்தால் அடுப்பேறும் ‘லெச்சோ’ என்ற குழம்புக்கு இவ்வளவுதான் சாமான். விருத்தாசலத்தில் ஒரே காய்கறிக் கடையில் பாதியும் பக்கத்து மளிகைக் கடையில் மீதியும் வாங்கிவிடலாம். வெளிநாட்டுச் சமையல் என்றாலே கிடைக்காத பொருள்களின் பட்டியல்தான் நினைவுக்கு வரும். லெச்சோ அந்த வகையில் சேராது.

● விருத்தாசலத்தின் விருத்தகிரீஸ்வரர் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எழுப்பியது 10ஆம் நூற்றாண்டில். அன்று அந்தக் கோயில் மடைப்பள்ளியில் மிளகாயும் கிடையாது, தக்காளியும் கிடையாது. உறைப்புக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. கி.பி. 1000-ஐ ஒட்டி முடிசூடிய ஹங்கேரியின் முதல் மன்னர் இஷ்ட்வானும் இந்த இரண்டையும் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே வெளியுலகம் அறிந்தவை. மிளகாயை நம்மிடம் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். ஹங்கேரிக்கு அது துருக்கியர் ஆட்சிக்காலத்தில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஹங்கேரியின் பூடா நகரைப் பிடித்தது 1541-இல், இழந்தது 1686-இல். இன்று மிளகாய் இல்லாத ஹங்கேரிச் சமையலையும் நினைக்க முடியாது, நம் சமையலையும் நினைக்க முடியாது.

● லெச்சோவுக்குக் குடைமிளகாய்தான் வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹங்கேரியர்கள் போடுவது வெளிர் மஞ்சள் நிறத்தில், நீண்டு, கூம்பி, சதைப்பற்றுள்ள, காரம் குறைந்த மிளகாய். நம் சந்தையில் அதற்கு மிக நெருங்கிய உறவு பஜ்ஜி மிளகாய்தான். மாலை வேளையில் கடலைமாவில் முக்கிப் பொரிப்பதற்கு மட்டும் அதை ஒதுக்கிவைத்திருக்கிறோம். குழம்பில் வெந்தால் அதன் மணம் வேறு.

● மிளகாயின் காரம் விதையில் இல்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டிலும் நரம்பிலும்தான் அது சுரக்கிறது. விதைக்கு அது ஒட்டிய காரம். நரம்பைச் சீவி எடுத்துவிட்டால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். ஹங்கேரியின் செகெட் நகரத்துப் பால்ஃபி சகோதரர்கள் 1859-இல் இந்த வேலைக்கு இயந்திரமே கண்டார்கள். காரமில்லாமல் சிவப்பும் மணமும் மட்டும் தரும் மிளகாய்த்தூள் ஊர் ஊராகப் போக அது வழி திறந்தது.

● அதே செகெட் நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. வைட்டமின் சி-யை ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு பிரித்தெடுக்க முடியாமல் திண்டாடியவருக்கு, ஊரெங்கும் விளைந்த மிளகாயே கைகொடுத்தது. கிலோக்கணக்கில் அதிலிருந்து வைட்டமினைப் பிரித்தார். 1937-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மட்டுமே. கொதிக்கும்போது ஒரு பகுதி அழியும் என்பதால், இறக்கும் நேரத்தில் வேகாத பஜ்ஜி மிளகாய்த் துண்டுகள் ஒரு கைப்பிடி தூவிவிடுவது நல்லது.

● இனி செய்முறை. நான்கு பேருக்கு அரைக் கிலோ பஜ்ஜி மிளகாய், கால் கிலோ தக்காளி, இரண்டு பெரிய வெங்காயம். மிளகாய்க்குப் பாதியளவு தக்காளி என்ற கணக்கை மறக்க வேண்டாம். தக்காளி கூடினால் அது தொக்காகிவிடும். வெங்காயத்தை மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள், சிவக்க விடாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய்த்தூளைப் போட்டுக் கிளறுங்கள். உடனே வளையமாக நறுக்கிய பஜ்ஜி மிளகாயைச் சேர்த்து, உப்புப் போட்டு, மூடி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், காயே தண்ணீர் விடும். பத்து நிமிடம் கழித்துத் தோலுரித்த தக்காளியைச் சேர்த்துச் சிறு தீயில் இன்னும் கால் மணி நேரம். கடைசியில் இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி இறக்குவதும் அங்கே வழக்கம்தான். முதல் தடவையாவது கடுகும் கறிவேப்பிலையும் இல்லாமல் செய்துபாருங்கள். மிளகாய்க்கென்று தனி ருசி இருப்பது அப்போதுதான் நாக்குக்குப் பிடிபடும்.

● தூளைப் போடும்போது அடுப்பிலிருந்து ஏன் இறக்க வேண்டும்? மிளகாய்த்தூளில் சர்க்கரைச் சத்து அதிகம். சூடான எண்ணெயில் சில விநாடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். ஆனால் எண்ணெய் இல்லாமலும் முடியாது. சிவப்பு நிறமும் காரமும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தக்காளியின் சிவப்பான லைகோபீனும் அப்படியே. எண்ணெயோடு சேர்ந்து வெந்த தக்காளியிலிருந்து உடம்பு அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

● ஹங்கேரியர்கள் பன்றிக் கொழுப்பில் சமைப்பார்கள். விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கையருகே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் உள்ளது. வி.ஆர்.ஐ. 2, வி.ஆர்.ஐ. 8 போன்ற நிலக்கடலை ரகங்கள் இங்கே உருவானவை, ‘வி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளே இந்த ஊரைக் குறிப்பவை. முந்திரியில் புகழ்பெற்ற வி.ஆர்.ஐ. 3 ரகமும் இங்கிருந்து போனதே. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் லெச்சோவுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். அங்கே சிலர் சேர்க்கும் புகையூட்டிய இறைச்சியின் வாசனை வேண்டுமென்றால், ஒரு மிளகாயை மட்டும் தணலில் சுட்டு, தோலுரித்துச் சேர்க்கலாம்.

● எலி சமையல்காரராகும் ‘ரட்டட்டூயி’ என்ற 2007ஆம் ஆண்டு ஹாலிவுட் கார்ட்டூன் படம் பிரெஞ்சுக் காய்கறிக் குழம்பு ஒன்றின் பெயரைக் கொண்டது. ஹங்கேரியில் அது ‘லெச்சோ’ என்ற பெயரில்தான் திரைக்கு வந்தது!

● எந்தப் பாத்திரத்தில் சமைப்பது என்பதைச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டிய செய்தி அது. தக்காளியில் அமிலம் உண்டு. வெறும் அலுமினியத்தில் கொதித்தால் அந்த உலோகத்தைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். பழகாத இரும்புச் சட்டியில் கொதித்தால் குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். பித்தளைக்கு நம் பாட்டிமார் ஈயம் பூசியதற்கும் இந்தப் புளிப்புதான் காரணம். ஹங்கேரியர்கள் வெட்டவெளியில் தீ மூட்டி, முக்காலியில் தொங்கவிட்டுச் சமைக்கும் ‘பொக்ராச்’ என்ற கொப்பரை இரும்பில் ஆனது. பலவற்றின் உட்புறத்தில் எனாமல் பூசியிருப்பார்கள். எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதான். நமக்கு எவர்சில்வர் போதும், மண்சட்டி இன்னும் நல்லது.

● மண்சட்டி அடுப்பில் நிற்கிறது, பளபளக்கும் ஊறுகாய் ஜாடியை அடுப்பில் வைத்தால் விரிசல் விடுகிறது. மண்சட்டியின் உடம்பில் மணல் கலந்திருக்கும், நுண்துளைகளும் இருக்கும். சூட்டில் தோன்றும் சிறு கீறல் அந்தத் துளைகளிலும் மணலிலும் முட்டி நின்றுவிடும். ஜாடியின் உடம்பு 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வெந்து இறுகியது. அதில் ஒரு கீறல் தொடங்கினால் தடுக்க எதுவுமில்லை. சமைப்பதற்குச் சட்டி, ஆறிய பிறகு வைத்துக்கொள்ள ஜாடி என்ற பழைய ஏற்பாடு முழுக்கச் சரியானது.

● பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண்ணுக்கும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையில் கார்த்திகைக்கு அகல் விளக்கும் நவராத்திரிக்குக் கொலு பொம்மையும் செய்கிறார்கள். மின்சாரத்துக்கான பியூஸ் கேரியரும் இந்த ஊர்ச் சரக்குதான். பாதாளச் சாக்கடைக்கான ஸ்டோன்வேர் குழாய் செய்யும் அரசு ஆலையும் இங்கே எழுந்தது. சாக்கடை அமிலம் குழாயை அரிக்காததற்கும் ஊறுகாய்ப் புளிப்பு ஜாடியை அரிக்காததற்கும் ஒரே காரணம்: இறுக வெந்த மண், அதன்மேல் கண்ணாடியாக உருகிய மெருகு.

● ஹங்கேரியிலும் ஒரு பீங்கான் ஊர் உண்டு. பேச் என்ற நகரில் 1853-இல் தொடங்கிய ஜோல்னாய் ஆலையின் வண்ண ஓடுகள்தான் புடாபெஸ்ட் மாத்தியாஸ் தேவாலயத்தின் கூரையில் மின்னுகின்றன. முதல் உலகப் போரின்போது அந்த ஆலை ராணுவத்துக்கு மின்சார இன்சுலேட்டர் செய்து கொடுத்தது.

● எல்லாப் பீங்கானும் சாப்பாட்டுக்கு ஆகாது. குறைந்த சூட்டில் உருகவேண்டும் என்பதற்காகச் சில மெருகுகளில் காரீயம் சேர்ப்பார்கள். அலங்காரப் பொருளில் அது இருந்தால் கவலையில்லை. அதே கிண்ணத்தில் தக்காளிக் குழம்பை ஊற்றிவைத்தால், புளிப்பு காரீயத்தைக் கரைத்து எடுக்கும். உள்ளே வண்ண ஓவியம் தீட்டியவற்றையும், மெருகில் மயிரிழை விரிசல் உள்ளவற்றையும் அடுக்களைக்குள் விடாதீர்கள். விரல் முட்டியால் தட்டினால் நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும். மெருகு பூசாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சாமல் அப்படியே நிற்கும். ஆனால் இந்த இரண்டு சோதனையும் வெந்த பதத்தைத்தான் சொல்லும். காரீயம் உண்டா என்பதைச் சொல்லாது.

● லெச்சோவை ஊறுகாய்போல மாதக்கணக்கில் ஜாடியில் வைக்கலாமா? கூடாது. தக்காளிக்குப் புளிப்பு இருக்கிறது, மிளகாய்க்கு இல்லை. இரண்டும் கலக்கும்போது அமிலத்தன்மை குறைந்து, பி.எச். அளவு பாதுகாப்பான எல்லையான 4.6-க்கு மேலே போய்விடலாம். காற்றுப் புகாத இடத்தில் நச்சுக் கிருமி வளர அது போதும். ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். சப்பாத்திக்கு அருமை, மெத்தென்ற தோசைக்கு அதைவிட அருமை.

● கார்த்திகை விளக்கு வாங்க விருத்தாசலம் போகிறவர்கள், உட்புறம் வெள்ளையாக மெருகிட்ட மூடிபோட்ட ஜாடி ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். “சாப்பாட்டுக்கு ஆகுமா, மெருகில் காரீயம் உண்டா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.