தீயணைப்பு வாகனம் கேட்போம், தரத்தையும் சேர்த்துக் கேட்போம்

எமதூர் கடைத்தெருவில் ஒரு கடை எரிந்தபோது, பக்கத்து நகரத்திலிருந்து தீயணைப்பு வாகனம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜும்ஆ முடிந்து கூடும் இடமெல்லாம் "நமக்கும் ஒரு வாகனம் வேண்டும்" என்ற பேச்சுத்தான். நியாயமான கோரிக்கை. ஆனால் எப்படிப்பட்ட வாகனம் என்று யாரும் கேட்பதில்லை.

"லொறி ஒன்றில் தாங்கியும் பம்பியும் பூட்டி, சிவப்பு அடித்தால் போதாதா?" என்றார் நண்பர் ஒருவர். போதாது. விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்ற வகையில் காரணம் சொல்கிறேன்.

ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன் நிறை. 4,000 லீற்றர் என்றால் நான்கு தொன். அதோடு தாங்கி, பம்பி, ஏணி, குழாய்கள், வீரர்கள். இந்த மொத்த நிறையும் அந்த லொறிக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். தாங்கி அரைகுறையாக நிரம்பியிருந்தால், வளைவில் நீர் ஒரு பக்கம் அலைமோதி வாகனத்தைக் கவிழ்க்கக்கூடும். உள்ளே தடுப்புத் தகடுகள் தேவைப்படுவது இதனால்தான்.

இவற்றுக்கெல்லாம் ஐரோப்பாவில் ஈ.என். 1846 என்ற தரம் இருக்கிறது. அமெரிக்காவில் நீண்டகாலம் என்.எப்.பி.ஏ. 1901 இருந்தது, 2024இல் அது 1900 என்ற தரத்துக்குள் சேர்க்கப்பட்டது. வாகனத்தைச் சாய்வு மேசையில் 26.5 பாகை வரை சாய்த்துப் பார்ப்பது அமெரிக்கப் பரிசோதனைகளில் ஒன்று. ஏறும் ஒவ்வொருவருக்கும் ஆசனமும் ஆசனப்பட்டியும் இருக்க வேண்டும்.

பம்பிக்கும் தரமுண்டு. ஐரோப்பிய முறையில் 10-2000 என்று குறித்த பம்பி, 10 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 2,000 லீற்றர் நீரைத் தர வேண்டும். அந்த வேகத்தில் 4,000 லீற்றர் இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே கிணற்றிலோ குளத்திலோ நீர் இழுக்கும் உறிஞ்சு குழாயும், பக்கத்து நகரத்தின் குழாய்களோடு பொருந்தும் இணைப்பிகளும் அவசியம்.

கேள்விப்பத்திரத்தில் எழுதாத தரத்தை, வாகனம் வந்த பிறகு கேட்க முடியாது. அதை எழுதும்போதே தீயணைப்பு அனுபவமுள்ள ஒருவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். வந்த வாகனத்தை முழுதாக நிரப்பி நிறுத்துப் பார்த்து, பம்பியை ஓடவிட்டு அளந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் பழைய வாகனத்துக்கும் இதே பரிசோதனைதான்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் இன்று வேறோர் ஊரில் தீயணைப்பு வீரன். "ஆசனம் போதாது சேர், பின்னால் தொங்கிக்கொண்டுதான் போவோம்" என்றான். எமதூர்ப் பிள்ளைகளையும் அப்படி அனுப்பப் போகிறோமா? திறப்பு விழாவுக்கு முன், இப்போதே சபை உறுப்பினர்களிடம் கேளுங்கள்: எந்தத் தரம்? யார் பரிசோதிப்பது?