“யார் சொன்னது?” என்று கேட்போம்: தடுப்பூசி வதந்திகளும் நம்பத்தக்க செய்தியும்



மருத்துவ உதவி தொடர்பாக நம் அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். “ஒன்பதாம் மாத ஊசி போடச் சொல்லி நர்ஸம்மா வந்தார்கள். ஆனால் குடும்ப குரூப்பில் போட வேண்டாம் என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?” வீடியோவை அனுப்பியவர் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவர். பதில் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும், பேசாமல் இருந்தால் பிள்ளையின் ஊசி தள்ளிப்போகும். இந்தத் தயக்கத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

எந்தச் செய்தியை நம்புவது, எதை நிறுத்துவது, சொந்தங்களோடு இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

2017இல் நம் மாநிலத்தில் நடந்தது

2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களிலும் அதே நேரத்தில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊசி போடுவது திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகள்.

முகாம் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வதந்தி கிளம்பிவிட்டது. பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும், ஆட்டிசம் வரும், நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று பல வகையில் செய்திகள் பரவின. பெற்றோர் பலர் பள்ளியில் ஊசி போட மறுத்தார்கள். சிலர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊசி நம் நாட்டில் புனேயில் தயாரானது. அதே நோய்களுக்கு எதிரான ஊசியைத் தனியார் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் காசுக்குப் போட்டுவந்தார்கள். காசு கொடுத்தபோது வராத சந்தேகம், இலவசமாகக் கொடுத்தபோது வந்தது.

பயத்துக்கும் காரணம் உண்டு

பயந்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1975 முதல் 1977 வரையிலான அவசரநிலைக் காலத்தில் வட மாநிலங்களில் ஏழைகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்டது மறக்கக்கூடியதல்ல. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உசாமா பின்லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, அதற்காகப் போலியாக ஒரு தடுப்பூசி முகாமை நடத்தியது வெளிவந்தது. இனி அப்படிச் செய்வதில்லை என்று 2014இல் அமெரிக்க அரசே அறிவிக்க வேண்டிவந்தது.

இவை நடந்த உண்மைகள். ஆனால் நம் ஊர் சுகாதார நிலையத்தில் போடும் ஊசியில் என்ன இருக்கிறது என்பதை இவை சொல்வதில்லை. வதந்தி எப்போதும் ஓர் உண்மையை முன்னால் வைத்து, அதன் பின்னால் ஒரு பொய்யைக் கட்டி அனுப்பும். முன்னதை ஒப்புக்கொண்டு பின்னதைப் பிரித்துக் காட்டுவதுதான் நம் வேலை.

உத்தரப்பிரதேசத்தில் இந்தப் பயத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 2002இல் இந்தியாவில் 1,600 பேரைப் போலியோ தாக்கியது. பெரும்பகுதி உத்தரப்பிரதேசத்தில், அவர்களில் கணிசமானோர் நம் சமுதாயப் பிள்ளைகள். சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற பேச்சு அங்கே வேரூன்றி இருந்தது. பிறகு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் போன்றவை களத்தில் இறங்கின. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2011 ஜனவரி 13க்குப் பிறகு நாட்டில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு பிள்ளையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழும் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்

செய்தியைச் சோதிக்கும் கலையை நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. ஒருவர் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிடாதபடி அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் அப்படியே பரப்புவதும் பொய்யில் சேரும் என்ற நபிமொழியையும் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி காதில் விழுந்ததும் அதன் ஸனதைக் கேட்டார்கள். இவர் யாரிடம் கேட்டார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்திருக்கிறார்களா? ஞாபகசக்தி எப்படி? நேர்மை எப்படி? வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் செய்தியின் தரம் இறங்கிவிடும்.

“வந்ததை அப்படியே அனுப்புகிறேன்” என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திக்கு ஸனதே கிடையாது. அதனிடம் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது, சொன்னவர் யார்? “ஒரு பெரிய டாக்டர்” என்றால் போதாது. பெயர், வேலை செய்யும் இடம், அவர் இதைச் சொன்ன இடம் மூன்றும் வேண்டும். அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரா, அவருடைய துறை இதுதானா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அவரைத் திரும்பக் கேட்க முடியுமா? 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். தம் பெயரைப் போட்டு நூலாகவே வெளியிட்டார். அதனால் மருத்துவர்கள் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது, மக்கள் இரண்டையும் வைத்துப் பார்க்க முடிந்தது. பெயரில்லாத குரல் பதிவிடம் யார் போய்க் கேட்பது?

மூன்றாவது, தனக்குப் பாதகமான முடிவையும் அவர் சொல்வாரா? இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

செங்கல்பட்டு ஆய்வு

நம் இடது தோளில் இருக்கும் சிறு வடு, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். அந்த ஊசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கிறதா என்று அறிய, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் பக்கம் மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் பங்கேற்றன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான ஊசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டுப் பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள்.

ஊசி நன்றாக வேலை செய்யும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். 1979இல் வந்த முதல் அறிக்கை அதற்கு மாறாக இருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. ஊசியை ஊர் ஊராகப் பரிந்துரைத்துவந்த அதே நிறுவனங்கள் இந்த முடிவை மறைக்காமல் உலகம் முழுவதும் படிக்கும்படி வெளியிட்டன. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவதற்குக் காரணம் வேறு. பிஞ்சு வயதில் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் காசநோயிலிருந்தும் அது காக்கிறது என்பது மற்ற ஆய்வுகளில் உறுதியானது.

தன் மருந்து எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று இரண்டையும் சொல்பவரே நம்பத்தக்கவர். வதந்தி பரப்புபவர் “தவறிவிட்டேன்” என்று ஒரு செய்தி அனுப்பி நாம் பார்த்ததுண்டா?

கோவிட் ஊசியிலும் இதைப் பார்த்தோம். நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைதல் ஏற்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே பகிரங்கமாக அறிவித்தது. 2024இல் லண்டன் நீதிமன்ற வழக்கு செய்தியானபோது, “இத்தனை நாள் மறைத்தார்கள்” என்று குழுக்களில் பரவியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளியான தகவல் அது.

‘பிறகு’ வேறு, ‘அதனால்’ வேறு

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15இல் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17இல் காலமானார். ஊசிதான் காரணம் என்று தமிழகமே பேசியது. அவருடைய இதய இரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழு, ஆவணங்களை ஆராய்ந்து, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு முடிவு சொன்னது. அந்த முடிவு முதல் வதந்தி போன தூரத்தில் கால்பங்குகூடப் போய்ச் சேரவில்லை.

ஆட்டிசம் பயமும் இப்படிப்பட்டதே. 1998இல் இங்கிலாந்தில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து ஒரு மருத்துவர் கட்டுரை எழுதினார். அதில் முறைகேடுகள் இருந்தது தெரிந்து, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று தெரிந்தது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியில் தெரியும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தோன்றுகிறது.

ஹராம் கலந்திருக்கிறதா?

இது நியாயமான கேள்வி, மார்க்கக் கேள்வி. சில ஊசிகளில் மருந்து கெடாமலிருக்க ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் இதை ஆராய்ந்தார்கள். பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா அடிப்படையில் அதற்கு அனுமதி உண்டு என்றார்கள்.

இந்தோனேசிய உலமா சபை 2018 ஆகஸ்டில் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. புனேயில் தயாராகும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்படுகிறது, அது ஹராம்தான் என்று மறைக்காமல் சொன்னது. ஆனால் ஹலாலான மாற்று இல்லாததாலும், ஊசி போடாவிட்டால் வரும் ஆபத்தை நம்பத்தக்க வல்லுநர்கள் உறுதி செய்வதாலும் நிர்ப்பந்த நிலையில் அதற்கு அனுமதி உண்டு என்று தீர்ப்பளித்தது. ஐயம் உள்ளவர்கள் இந்த விவரங்களோடு நம் இமாமிடமோ ஆலிம்களிடமோ கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பையும் பெயரில்லாத ஃபார்வர்டிலிருந்து எடுக்க வேண்டாம்.

சொந்தங்களோடு பேசும் முறை

பெரியவர் அனுப்பிய செய்தி தவறு என்றால் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தாழ்த்த வேண்டாம். தனியாக அழைத்து, “மாமா, இதை யார் சொன்னார்கள் என்று தெரியுமா? பேத்திக்கு ஊசி போட வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்” என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் அவரும் தேடிப் பார்ப்பார். அவர் பயத்தில் உண்மை இருக்கும் இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், வீக்கம் வரும் என்பதை மறைத்தால் அடுத்து நாம் சொல்வதையும் நம்பமாட்டார்.

மறுப்பதற்காகக்கூட வதந்தி வீடியோவை மீண்டும் அனுப்பாதீர்கள். உண்மையை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். ஊசிக்கு ஆதரவாக வரும் செய்திக்கும் இதே விதிதான். ஸனது இல்லாவிட்டால் அதையும் அனுப்பாதீர்கள். வாக்குவாதம் நீண்டால் நிறுத்திவிடுங்கள். பதில் பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் இளம் தாய்மார்களுக்காகத்தான் நாம் எழுதுகிறோம்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

தட்டம்மை சாதாரணமாகப் பரவும் நோயல்ல. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். 2016இல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பானுக்கும், 2022இல் மும்பை கோவண்டியில் தட்டம்மைக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மைப் போன்றவைதான். ரூபெல்லாவோ கர்ப்பிணியைத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயத்தைக் கெடுக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் ஊசி போடுவது அதனால்தான்.

தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை. தவறியிருந்தால் பிறகும் போடலாம். புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையம் சென்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடும் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது.

ஒரகடம், மறைமலைநகர் ஆலைகளில் வேலை பார்க்கும் பீகார், அஸ்ஸாம், வங்காளக் குடும்பங்கள் நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். எந்த ஊர் அட்டை இருந்தாலும், அட்டையே இல்லாவிட்டாலும் அரசு ஊசி இலவசம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே தெருவில்தான் விளையாடுகிறார்கள்.

செய்தியைத் தீர விசாரித்து நடக்கும் பண்பையும், நம் குழந்தைகளுக்கு நல்ல உடல்நலத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.