மூதவையிற் பெண்கள்

வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வீதி வழியாகக் காலையிற் கொழும்புக்கு வரும் பஸ் வண்டிகளிற் பல்கலைக்கழக மாணவியர் பலரை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குப் பயில்வோருள் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்களே. ஆயினும், அப்பல்கலைக்கழகங்களின் மூதவை கூடும் மண்டபத்தை எட்டிப் பார்ப்போமாயின், இந்த விகிதத்தை அங்கே காண முடியாது. படிக்க வந்தவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள்?

இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையது பேராசிரியை சாவித்திரி குணசேகரவின் வாழ்க்கைப்பணி. இந்நாட்டிற் சட்டத்துறைப் பேராசிரியராக உயர்ந்த முதற் பெண்மணி அவர். 1999 முதல் 2002 வரை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் விளங்கினார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண்ணும் அவரே. அதே ஆண்டுகளில், பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் நிபுணர் குழுவிலும் அங்கம் வகித்தார். அவ்வுடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது.

அவ்வுடன்படிக்கை கூறும் சமத்துவம் யாது? எல்லோருக்கும் ஒரே விதி என்பதோடு அது அமைந்துவிடவில்லை. ஓர் இளம் விரிவுரையாளரை எண்ணிப் பாருங்கள். தகுதிகாண் காலத்திற் பணியேற்கும் அவர், குறித்த காலவரைக்குள் மேற்பட்டம் பெற்றாலன்றிப் பதவியில் நிரந்தரமாக்கப்படார். விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் அந்த ஆண்டுகள்தாம் திருமணமும் மகப்பேறும் நிகழும் ஆண்டுகள். கைக்குழந்தையை விட்டு வெளிநாடு செல்லத் தயங்கும் தாய் பின்தங்குவாள். அவளோடு ஒரே நாளிற் பணியேற்ற ஆண்மகன் முன்னே செல்வான். ஒருவரும் அவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. தீங்கு மட்டும் நேர்ந்துவிடுகிறது. இதனாலேயே உடன்படிக்கையின் பதினோராவது உறுப்புரை, மகப்பேற்று விடுமுறையினால் தொழிலும் முதுநிலையும் இழக்கப்படலாகாது என்கிறது. நான்காவது உறுப்புரையோ, சமத்துவத்தை விரைவுபடுத்தத் தற்காலிகமாக மேற்கொள்ளும் சிறப்பு ஏற்பாடுகள் பாரபட்சம் ஆகா எனத் தெளிவாக்குகிறது.

பெண் என்பதோடு சிறுபான்மையினத்தவள் என்பதும் சேருமாயின் தடை இரண்டாகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெக்சிக்க வழிவந்த பெண் கல்விமான்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். மகளிர் இயக்கங்களை வெள்ளையினப் பெண்களும், தம் இன இயக்கங்களை ஆண்களும் நடத்தக் கண்ட அவர்கள், 1982 இல் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்திற் கூடித் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர். அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அடல்ஹீசா சோசா-ரிடெல், அங்கே சிக்கானோ இனக் கல்வித் துறையை நெறிப்படுத்தியவர். இளம் ஆசிரியைகளுக்கு வழிகாட்டுவதும் ஒருவர் ஆய்வை மற்றவர் படித்துத் திருத்துவதும் கேட்பதற்குச் சிறிய காரியங்கள். பதவியுயர்வு வெளியீடுகளைக் கொண்டு அளக்கப்படும் இடத்தில் அவை சிறியன அல்ல.

இனி நம்மவர் நிலையைக் காண்போம். யாழ்ப்பாணத்தில் மொழியும் இனமும் தமிழ்ப் பெண்ணுக்குத் தடையல்ல. அங்கே பல்கலைக்கழக வளாகம் 1974 இல் தொடங்கிற்று. உயிரிரசாயனவியற் பேராசிரியை வசந்தி அரசரத்தினம் அதன் முதற் பெண் உபவேந்தரானது 2011 இல். இடையிற் கழிந்தன 37 ஆண்டுகள். போரும் இடப்பெயர்வும் அக்காலத்தை அலைக்கழித்தன என்பது மெய்யே. ஆயினும் அந்த ஆண்டுகளில் ஆண்கள் உபவேந்தர்களாகிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, பேரவை மூன்று பெயர்களை விதந்துரைக்க, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் சனாதிபதி ஒருவரை உபவேந்தராக நியமிக்கிறார். அப்பெயர்கள் பெரும்பாலும் மூத்த பேராசிரியர்களின் பெயர்கள். முப்பதாம் வயதிற் பின்தங்கிய விரிவுரையாளரின் பெயர் அங்கே வந்து சேர்வது அரிது. அம்மூன்றனுள் ஒன்றேனும் ஒரு பெண்ணின் பெயராக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவுமில்லை.