கேட்டது தங்காது, கண்டது தங்கும்

2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் நந்திதுர்க் லைன் வீடுகளில் பலர் விடியுமுன்பே பெங்களூரு ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை இருந்தால் பகலெல்லாம் பாட்டி பொறுப்பு. ‘உப்பு, சோப்பு, தீப்பெட்டி வாங்கிட்டு வாப்பா’ என்றால் உப்போடு திரும்பி வரும் பிள்ளை திட்டு வாங்குகிறது. அது அநியாயம்.

21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே பெரும்பாலும் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம். சொந்தத்தில் கல்யாணம் முடித்ததால் வந்ததல்ல, பெற்றவள் குற்றமும் அல்ல. காதில் விழுந்ததைச் சில நொடிகள் மனதில் பிடித்துவைப்பது இவர்களுக்குக் கடினம். கண்ணால் கண்டது பொதுவாக அதைவிட நன்றாகத் தங்கும். பழைய தீப்பெட்டியையும் சோப்பு உறையையும் கையில் கொடுத்தனுப்பிப் பாருங்கள். காதில் நீர் கோப்பதும் இவர்களுக்கு அதிகம். செவித்திறனைச் சோதிக்காமல் ‘மறதி’ என்று முடிவுகட்டாதீர்கள்.

பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இருப்பதால் வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம். இரு மொழி பழகுவதால் இப்பிள்ளைகளின் பேச்சு கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச வழியில்லாமல் போவதுதான் பெரிய இழப்பு. பரீட்சைச் சுமை வேறு விஷயம். அதற்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இருக்கிறது: கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு இல்லை என்பேன். பள்ளியில் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயதுவரை அக்கம்பக்கப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு தரும்.

வளர்ந்தபின் வரும் மறதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அல்சைமருக்குத் தொடர்புடைய ஒரு மரபணு இதே 21ஆவது குரோமோசோமில் இருப்பதால், 40 வயதுக்குள் மூளையில் அந்நோயின் மாற்றங்கள் தொடங்கிவிடும். 50களில் பலருக்கு மறதிநோய் வெளிப்படும். ஆனால் 30 வயதில் ஒருவர் திடீரென வழி மறந்தால் தைராய்டு, காது, கண், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ‘அவன் அப்படித்தான்’ என்று மருத்துவர் அனுப்பிவிட்டால் விடாதீர்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் பிள்ளை சட்டைப் பொத்தான் போடுவது, தெருக்காரர்கள் பெயர் சொல்வது, கடைக்குத் தனியே போய்வருவது என எல்லாவற்றையும் நன்றாக இருக்கும்போதே செல்போனில் படம்பிடித்து வையுங்கள். என்ன குறைந்திருக்கிறது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.