துப்பாக்கிக்கு முன் ஒரு வேலைநாள்

காலை 8.47. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் குடைந்த சுரங்கத்துக்குள், மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கியபடி ஒரு டிராம் போகிறது. பெட்டிக்குள் நாம் மட்டும்தான். வெளியே என்ன வெயில், கதிர்வீச்சுப் பரிசோதனை எவ்வளவு கட்டாயம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே வருகிறது. மாலையில் ஊழியர்களுக்கு ஒரு போட்டி உண்டாம். ஜன்னலுக்கு வெளியே, பூட்டிக்கொண்ட கதவை ஒரு காவலாளி தட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம் இப்படியே போகிறது. சுடுவதற்கு எதிரி இல்லை, கையில் ஆயுதமும் இல்லை.

1998 நவம்பரில் வெளியான 'ஹாஃப்-லைஃப்' என்ற கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. அதன் 25 ஆண்டு நிறைவையொட்டி 2023 நவம்பரில் அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் சில நாட்களுக்கு இலவசமாகக் கொடுத்தபோதுதான் என் கணினிக்கு வந்தது. கல்லூரி நாட்களில் பிரௌசிங் சென்டரே கதியென்று 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' ஆடியவன் நான். ஹாஃப்-லைஃபை அடித்தளமாக வைத்து ரசிகர்கள் உருவாக்கியதுதான் அந்த விளையாட்டு. பிள்ளையோடு அத்தனை பழகியும் தாயைப் பார்த்ததில்லை.

நாம் கார்டன் ஃப்ரீமன். 27 வயது, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர். பிளாக் மெசா ஆய்வுக்கூடத்தில் வேலை. இன்று தாமதமாக வந்திருக்கிறோம். கணினிகள் காலையிலேயே படுத்துவிட்டதாகக் காவலாளி சொல்கிறார். உடை மாற்றும் அறையில் நம் பெயர் எழுதிய லாக்கர். உள்ளே ஒரு குழந்தையின் படம். ஓய்வறை மைக்ரோவேவில் யாருடைய சாப்பாடோ சூடாகிக்கொண்டிருக்கிறது. பொத்தானை விடாமல் அழுத்தினால் அது வெடித்துச் சிதறும், பக்கத்தில் நிற்பவர் அதிர்ந்துபோவார். கதைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆனால் அந்த இடத்தை மனிதர்கள் வேலைபார்க்கும் இடமாக நம்பவைப்பவை இவைதான்.

பிறகு பாதுகாப்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு சோதனை அறைக்குள் போகிறோம். ஒரு தள்ளுவண்டியில் படிகம் போன்ற மாதிரிப் பொருள். அதைக் கதிருக்குள் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளுவது நாம்தான். வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு குறும்படத்தைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். இங்கே நாமாகத் தள்ளாதவரை எதுவும் நடக்காது. தள்ளிய நொடியில் பச்சை மின்னல், வேற்றுலகத்தின் சில கணக் காட்சிகள், இருட்டு.

எழுந்து வந்த வழியே திரும்பும்போதுதான் அந்தத் தொடக்கம் எதற்கு என்று புரிந்தது. சற்று முன் நடந்துபோன அதே நடைபாதைதான். விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. காலை வணக்கம் சொன்னவர்கள் தரையில் கிடக்கிறார்கள். தலையைக் கவ்வும் ஜந்துக்கள் பிடித்த உடல்கள் தள்ளாடி வருகின்றன. கையில் கிடைக்கும் முதல் ஆயுதம் ஒரு சிவப்புக் கடப்பாரை. மாலைப் போட்டி என் நினைவுக்கு வந்தது. அது இனி நடக்கப்போவதில்லை.

1993இன் 'டூம்' தொட்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் கதை என்பது பெரும்பாலும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வரும் சில வரிகளாகவே இருந்தது. மைக்ரோசாஃப்ட்டை விட்டு வெளியேறிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996இல் வால்வைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஹாஃப்-லைஃப்தான் முதல் விளையாட்டு. 'குவேக்' விளையாட்டை இயக்கும் மென்பொருளுக்கு உரிமம் பெற்று, அதை மாற்றியமைத்துக்கொண்டார்கள். 1997இலேயே வந்திருக்க வேண்டியது. செய்தது திருப்தி தராமல் பெரும்பகுதியைக் கலைத்து மறுபடியும் கட்டினார்கள். கதைப் பொறுப்பு அறிவியல் புனைகதை எழுத்தாளர் மார்க் லெய்ட்லாவிடம் இருந்தது. கேமரா ஒருபோதும் கார்டனின் கண்ணைவிட்டு வெளியே வருவதில்லை. அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எழுத்தாளர் ஒருவர் இந்தக் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

வயதும் தெரியத்தான் செய்கிறது. விஞ்ஞானிகளுக்கு நான்கே முகங்கள், காவலாளிகள் எல்லாருக்கும் ஒரே முகம். தாவிக் குதிக்கும் இடங்களில் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் பலமுறை விழுந்தேன். இந்தத் தாவல்களை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

அடுத்து ராணுவம் வருகிறது. காப்பாற்ற வந்துவிட்டார்கள் என்று கைதூக்கி ஓடும் விஞ்ஞானியை என் கண்முன்னே சுட்டுத்தள்ளுகிறார்கள். விபத்தோடு சாட்சிகளையும் சேர்த்து மறைக்கத்தான் வந்திருக்கிறார்கள். வேற்றுலக ஜந்துக்கள் நேராக வரும். இவர்களோ ஒருவருக்கொருவர் குரல்கொடுத்து, பக்கவாட்டில் சுற்றிவந்து, ஒளிந்திருக்கும் இடத்துக்கு எறிகுண்டு வீசி வெளியே வரவைக்கிறார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் அங்கே என் உள்ளங்கை வியர்த்தது.

காவலாளிகளைக் கூப்பிட்டால் கூடவே வருவார்கள், நமக்காகச் சுடுவார்கள். ஒருவரை மூன்று அறைகள் தாண்டி உயிரோடு கூட்டிவந்தேன். நான்காவது அறையில் மேலே போக ஓர் ஏணி மட்டுமே இருந்தது. அவர்களுக்கு ஏணி ஏறத் தெரியாது. மேலே ஏறி எட்டிப் பார்த்தேன். துப்பாக்கியைப் பிடித்தபடி, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.