பழைய கிறிஸ்துமஸ் அஞ்சலட்டைகளின் காலம் அறிதல்

பேராக் இரப்பர் தோட்டத் துரைமார் கிறிஸ்துமஸ் வாழ்த்தெழுதித் தாயகத்திற்கு விடுத்த பட அஞ்சலட்டைகள் சேகரிப்போருக்கு அழகுப் பொருள்கள். நமக்கோ வரலாற்றுச் சான்றுகள்.

தேதியற்ற அட்டையின் காலத்தை இரு அடையாளங்களால் கணிக்கலாம். செய்திக்கும் முகவரிக்குமாகப் பின்புறத்தை இரண்டாகப் பகுக்கும் முறையைப் பிரிட்டன் 1902இல் ஏற்றது. அத்தகைய அட்டை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகும். பாயும் புலி பொறித்த மலாய்க் கூட்டு மாநிலங்களின் அஞ்சல்தலை, பொதுவாக 1930களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட காலத்தைச் சுட்டும். சுல்தான் இஸ்கந்தரின் உருவம் தாங்கிய பேராக் அஞ்சல்தலைகள் 1935 முதல் வெளிவந்தன.

பால்வெட்டும் தமிழரைக் காட்டும் படங்களில் அவர்தம் பெயர்கள் இடம்பெறுவதில்லை. முத்திரை படமெடுத்த இடத்தை உறுதிசெய்யாது. எனினும் அட்டை புறப்பட்ட ஊரையும் நாளையும் உரைக்கும். ஆதலின், அஞ்சல்தலைக்காக அட்டையை நனைத்துப் பிரிப்பது, பெயரற்ற அம்மக்களைப் பற்றி எஞ்சிய தடயத்தையும் அழிப்பதாகும் என்பதே நம் கருத்து.